கணக்கு மட்டும் இசையாகுமா?

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று வரிசையாக வரும் தோல் நகரங்கள் இரண்டு இசை உலகங்களுக்கு நடுவில் கிடக்கின்றன. கிழக்கே போனால் மார்கழிக் கச்சேரிகளின் சென்னை. மேற்கே போனால், இந்திய ராக் ரசிகர்கள் தங்கள் தலைநகராகக் கொண்டாடும் பெங்களூரு. 2001இல் டீப் பர்ப்பிள், 2002இல் பிங்க் ஃபிளாய்டின் ரோஜர் வாட்டர்ஸ், 2007இல் அயர்ன் மெய்டன் வந்து வாசித்த ஊர். எந்தப் பக்கம் போனாலும் சில மணி நேரப் பயணம்தான். வேலூரின் கல்லூரிகளுக்கோ இந்தியா முழுவதிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். அவரவர் வீட்டு இசையும் கூடவே வருகிறது. ராக் ரசிகர்களுக்குள் அரை நூற்றாண்டாக ஓயாத ஒரு சண்டையை இந்தப் பகுதியின் காதோடு கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது: புரோகிரசிவ் ராக் குழுக்களில் உயர்ந்தது எது? அந்தச் சண்டையில் பெரும்பாலும் தவறான அளவுகோலே கையாளப்படுகிறது என்பதும், அதைத் திருத்தும் தகுதி தமிழ்க் காதுக்கு உண்டு என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில், பெயர் தெரியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். 1960களின் இறுதியில் இங்கிலாந்து இளைஞர்கள் சிலருக்கு மூன்று நிமிடப் பாட்டு போதவில்லை. பீட்டில்ஸ் 1967இல் ஒரு முழு ஆல்பத்தையே ஒரே படைப்பாகக் கேட்கும் பழக்கத்தை உண்டாக்கியிருந்தார்கள். 1969 அக்டோபரில் கிங் கிரிம்சனின் முதல் ஆல்பம் வந்தது. அதே பாதையில் யெஸ், ஜெனிசிஸ், ஜெத்ரோ டல், எமர்சன் லேக் அண்ட் பாமர் என்று வரிசை கட்டினார்கள். கனடாவிலிருந்து ரஷ் வந்து சேர்ந்தது. இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் இருபது நிமிடம் ஓடும்; அந்தப் பக்கம் முழுவதையும் ஒரே பாடல் நிரப்பலாம் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். 1972இல் ஜெத்ரோ டல் தட்டின் இரண்டு பக்கங்களுக்கும் சேர்த்து ஒரே பாடலை எழுதியது. எமர்சன் லேக் அண்ட் பாமர் ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் பியானோ படைப்பை எடுத்து மேடையில் ராக்காக வாசித்து, 1971இல் ஆல்பமாக வெளியிட்டது. இதெல்லாம் ஒரு சிறு கூட்டத்தின் விளையாட்டாக நின்றுவிடவில்லை. பிங்க் ஃபிளாய்டின் 1973 ஆல்பமான 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 1988 வரையில் மொத்தம் 741 வாரங்கள் இடம்பெற்றிருந்தது.

இந்தக் குழுக்களை ஒப்பிடும் ரசிகர்கள் வழக்கமாக மூன்று விஷயங்களை எண்ணுகிறார்கள். தாளம் எத்தனை எண்ணிக்கையில் போகிறது, விரல் எவ்வளவு வேகமாக ஓடுகிறது, பாட்டு எத்தனை நிமிடம் நீள்கிறது. நான்கு எண்ணிக்கையிலேயே பழகிய காதுக்கு ஏழும் ஒன்பதும் அதிசயமாகப் படுவது இயற்கை. ஆனால் நம் ஊரில் ஏழு என்பது மிஸ்ர சாபு, ஐந்து என்பது கண்ட சாபு. பாட்டு கற்கும் சிறுபிள்ளை தொடையில் தட்டிப் பழகும் கணக்கு. ஜெத்ரோ டல் 1969இல் ஐந்து எண்ணிக்கையில் போட்ட பாட்டைப் பற்றி ஆங்கிலத்தில் வியந்து வியந்து எழுதியிருக்கிறார்கள். அந்த வியப்பு நமக்கு வராததற்கு நாம் மேலானவர்கள் என்பது காரணமாகாது. அந்தக் கதவு நமக்கு முன்பே திறந்திருந்தது, அவ்வளவுதான். திறந்த கதவை வியக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் வசதி நமக்குக் கிடைத்திருக்கிறது.

வேலூர் மாவட்டத்து வள்ளிமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அருணகிரிநாதரின் திருப்புகழ் தமிழில் சந்தக் கணக்கின் உச்சம். வழக்கமான தாளங்களுக்குள் அடங்காமல், சந்தத்துக்கென்றே தனித் தாளம் வகுத்துப் பாட வேண்டிய பாடல்கள் அதில் ஏராளம். அந்தத் திருப்புகழை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் முதன்மையானவர், 1950இல் மறைந்த வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். ஆங்கிலப் புத்தாண்டு நாளில் திருத்தணி மலைப்படிகளில் திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறும் படி விழாவைத் தொடங்கியவரும் அவரே. படி ஏறும் கூட்டத்தில் இசைப் பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர் இருந்துவிட முடியும்? என்றாலும் அந்தச் சந்தங்கள் அவர்கள் வாயில் நிற்கின்றன. சிக்கலான கணக்கு மேட்டுக்குடிக்கு மட்டும் உரியது என்பதையும், அது தன்னளவிலேயே ஒரு சாதனை என்பதையும் இந்த ஒரு காட்சி ஒருசேர மறுத்துவிடுகிறது. பாடுகிறவர்கள் எண்ணிக்கைக்காக அங்கே வரவில்லை. எண்ணிக்கை தாங்கிக்கொண்டிருக்கும் பக்திக்காக வருகிறார்கள்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? நல்ல பல்லவி பாடும்போது ரசிகர் எதைக் கவனிக்கிறாரோ அதைத்தான். எத்தனை நடை மாறினாலும், எவ்வளவு தூரம் போனாலும், பல்லவி புறப்பட்ட இடமான எடுப்புக்கு வந்து விழும்போது அந்தத் தூரம் முழுவதும் தேவைப்பட்டது என்று மனம் ஒப்புக்கொள்கிறதா? கணக்கு எங்காவது கொண்டுபோய்ச் சேர்க்கிறதா? பிங்க் ஃபிளாய்டின் 'மணி' என்ற பாடல் ஏழில் நடக்கிறது; பணத்தின் பின்னால் ஓடுபவனின் தடுக்கிய நடை அதில் கேட்கிறது. சாக்ஸபோனும் ஏழிலேயே வாசிக்கிறது. கிட்டாரின் முறை வந்ததும் பாட்டு நான்குக்கு மாறி விடுபட்டுப் பாய்கிறது. பிறகு மறுபடி ஏழுக்குள் மாட்டிக்கொள்கிறது. ஏழு இருந்ததால்தான் நான்கு விடுதலையாகக் கேட்கிறது. தாள வித்தையில் இந்தக் குழுவைக் கடைசி வரிசையில் உட்கார வைப்பவர்கள் இந்த மாற்றத்தைச் சற்றே நின்று கேட்க வேண்டும்.

ஜெனிசிஸ் 1972இல் வெளியிட்ட 'சப்பர்ஸ் ரெடி' ஏழு பகுதிகளாக இருபத்து மூன்று நிமிடம் போகும் பாடல். அதன் பிற்பகுதியில் தாளக் கருவிகள் ஒன்பது எண்ணிக்கையை விடாமல் இடித்துக்கொண்டிருக்க, டோனி பேங்க்ஸின் ஆர்கன் அதற்கு ஒத்துப் போகாமல் தன் வழியில் அலைகிறது. நெருக்கடி தாங்கமுடியாத அளவுக்கு ஏறிய பிறகு, பாடலின் தொடக்கப் பகுதிகளில் கேட்ட மெட்டுகள் பெரும் ஒலியோடு திரும்பி வருகின்றன. தனி ஆவர்த்தனத்தின் கோர்வை முடிந்து பல்லவி மறுபடி எடுக்கப்படும் கணத்தில் சபையில் எழும் நிறைவு இங்கேயும் எழுகிறது. கிங் கிரிம்சனின் 1974ஆம் ஆண்டு 'ஸ்டார்லெஸ்' இன்னும் துணிச்சலானது. பதின்மூன்று எண்ணிக்கையில் பேஸ் கிட்டார் சுழன்றுகொண்டிருக்க, எவ்வளவு வேகமாகவும் வாசிக்கக்கூடிய கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப மீட்டுகிறார். நிமிடக் கணக்கில் அது மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டே போகிறது. கடைசியில் தொடக்கத்தின் சோக மெட்டு திரும்பி வரும்போது அதே மெட்டு வேறொரு பொருள் கொண்டிருக்கிறது. வித்தை தெரிந்தவர் வித்தையை அடக்கி வாசித்ததால் கிடைத்த பலன் அது. என் வரிசையில் இந்த இரண்டு பாடல்களுக்கும் மேலே வேறெதுவும் இல்லை.

இதே அளவுகோலில் தடுமாறுவது யெஸ் குழுவின் 1973ஆம் ஆண்டு இரட்டை ஆல்பம், 'டேல்ஸ் ஃப்ரம் டோப்போகிராஃபிக் ஓஷன்ஸ்'. பரமஹம்ச யோகானந்தரின் 'ஒரு யோகியின் சுயசரிதை'யில் சாத்திரங்கள் பற்றி வரும் ஓர் அடிக்குறிப்பைப் படித்து, பாடகர் ஜான் ஆண்டர்சன் அதிலிருந்து நான்கு பெரும் பாடல்களை உருவாக்கினார். ஒவ்வொன்றும் தட்டின் ஒரு பக்கம். இந்தியச் சிந்தனையை மதித்து எடுத்துக்கொண்டதற்காக அதைத் தூக்கிப் பேசும் ஆசை நமக்கு வரும். ஆனால் பல இடங்களில் அந்த இசை நகராமல் சுற்றுகிறது. ஒரு பத்து நிமிடத்தை வெட்டினாலும் மிச்சத்துக்குக் குறை வராது. அதன் கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மன் அதிருப்தியோடு 1974இல் குழுவை விட்டே விலகினார். இந்த ஆல்பத்துக்கு முந்தைய ஆண்டு அதே குழு செய்த 'க்ளோஸ் டு தி எட்ஜ்' பதினெட்டு நிமிடத்தில் ஒரு சொட்டும் சிந்தாமல் நடந்த பாடல் என்பதால், குறை திறமையில் இருந்திருக்க முடியாது. ஆம்பூர் டேனரியில் தோலின் தரம் பிரிப்பவர் மேல்பூச்சின் பளபளப்பைப் பார்த்து முடிவெடுப்பதில்லை; பூச்சு கனமாக ஏற ஏற அடியில் இருக்கும் கீறலும் பூச்சிக்கடியும் மறையும் என்பது அவருக்குத் தெரியும். வேகமும் நீளமும் அப்படிப்பட்ட பூச்சுகள். அடியில் நல்ல தோல் இருந்தால் அவற்றால் கெடுதல் இல்லை.

இரண்டு எதிர்ப்புகளுக்கு பதில் சொல்லியாக வேண்டும். 1976–77இல் லண்டனில் எழுந்த பங்க் இளைஞர்கள் இந்த இசை முழுவதையும் பணக்காரத்தனமான பகட்டு என்று தள்ளினார்கள். அவர்களில் ஒருவர் பிங்க் ஃபிளாய்டை வெறுப்பதாகச் சட்டையிலேயே எழுதிப் போட்டுக்கொண்டார். வேலையில்லாத இளைஞனுக்கு இருபது நிமிடப் புராணக் கதை எரிச்சலூட்டியிருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எளிய மக்களுக்கு எளிய இசைதான் ஒத்துவரும் என்ற முடிவு அந்த மக்களைக் குறைத்து எடைபோடுகிறது; திருத்தணிப் படிகளே அதற்குச் சாட்சி. இரண்டாவது எதிர்ப்பு, பிறர் இசையைக் கர்நாடக இசையின் அளவுகோலால் அளப்பது நியாயமா என்பது. ராகம் எங்கே, கமகம் எங்கே என்று கேட்டால் அநியாயம்தான். புறப்பட்ட இடத்துக்குப் பொருளோடு திரும்புகிறதா என்ற கேள்வியோ, அந்தக் குழுக்கள் தாங்களே முன்னோடியாகக் கொண்ட ஐரோப்பியச் செவ்வியல் இசைக்கும் சொந்தமானது.

நம் பக்கத்துச் சோதனைகளையும் இதே கண்டிப்போடு கேட்கத்தான் வேண்டும். இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்?' தியாகராஜருக்கும் ஐரோப்பியச் செவ்வியல் இசையமைப்பாளர் பாக்குக்கும் சமர்ப்பிக்கப்பட்ட ஆல்பம். பாக்கை வீட்டில் சந்தித்தேன் என்று ஒரு பகுதிக்கும், பிறகு இருவரும் பேசினோம் என்று அடுத்ததற்கும் பெயர். அந்த உரையாடலில் வி.எஸ். நரசிம்மனின் வயலின் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிறது. கலப்பு என்ற அளவில் மேற்கின் புரோகிரசிவ் குழுக்கள் எதுவும் இந்தியாவை இவ்வளவு ஆழமாக உள்வாங்கவில்லை என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் நீண்ட வடிவத்தை அந்த ஆல்பம் முயலவில்லை. பகுதிகள் சிறியவை, வளரத் தொடங்கும்போதே முடிந்துவிடுகின்றன. நீண்ட வடிவத்துக்கும் அவர் பிறகு வந்தார்; 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு அரங்கேற்றிய இடம், ஒருகாலத்தில் ஹாமர்ஸ்மித் ஓடியன் என்று பெயர் பெற்றிருந்த அரங்கு. 1978இல் ரஷ்ஷும் 1984இல் ஜெத்ரோ டல்லும் வாசித்த பதிவுகள் அதே மேடையிலிருந்து வந்தவை. பெங்களூருவின் அகம் குழு 2007இல் சன் டிவியின் இசைக்குழுப் போட்டியில் வென்று தமிழ் வீடுகளுக்குள் வந்தது. தியாகராஜர் கீர்த்தனையை மின் கிட்டாரோடு பாடும் அவர்களிடமும் கேட்க வேண்டிய கேள்வி, கிட்டார் கீர்த்தனையை வளர்க்கிறதா, அல்லது கூடவே சத்தமாக ஓடுகிறதா என்பதுதான்.

இளையராஜாவின் அந்த ஆல்பத்தில் ஒரு பகுதிக்கு 'டோன்ட் கம்பேர்' என்றே பெயர். ரசனை அவரவர் உரிமை, ஒப்பிடவே கூடாது என்பவர்களுக்கு அது பிடித்த மேற்கோளாகலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒப்பிடாத காது தூங்கிவிடும். பாலக்காடு மணி ஐயரா, பழனி சுப்பிரமணிய பிள்ளையா என்று சண்டை போட்டவர்கள் அந்தச் சண்டையாலேயே இரண்டு மிருதங்கங்களையும் கூர்ந்து கேட்கக் கற்றார்கள். காரணம் சொல்லாமல் பட்டியல் போடுவதில்தான் பயனில்லை. யெஸ்ஸின் இரட்டை ஆல்பத்தை நான் குறைத்துச் சொன்னதை மறுக்க விரும்பும் ரசிகர் தாள எண்ணிக்கையையும் நிமிடக் கணக்கையும் நீட்ட வேண்டாம். அந்த எண்பது நிமிடத்தில் எந்த இடத்தில் எது திரும்பி வருகிறது, திரும்பும்போது அது எப்படி மாறியிருக்கிறது என்று காட்டட்டும். நான்கு பக்கங்களையும் மறுபடி முதலிலிருந்து கேட்டுவிட்டு பதில் சொல்கிறேன்.