நிற்கக் கற்ற நாய்

மாரி தொடங்கியதும் குறிஞ்சாக்கேணி வயல்வெளிக்கு வடபுலத்து விருந்தினர் வந்து சேர்கின்றனர். அவருள் ஒருவர் உள்ளான். சைபீரியச் சதுப்புகளிலே குஞ்சு பொரித்து, ஆயிரக்கணக்கான கல் கடந்து இலங்கைக்கு வரும் ஊசிவால் உள்ளானின் மேனி, சேற்றின் நிறமும் வைக்கோலின் நிறமும் கலந்தது. காலடிக்கு அண்மையிலே பதுங்கியிருப்பினும் கண்ணுக்குப் புலப்படாது. திடீரென எழுந்து வளைந்து வளைந்து பறந்த பின்னரே, அது அங்கிருந்தது என்பதை அறிகிறோம்.

கண் காணாததை மூக்குக் காணும். இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்ட கலையொன்று மேனாட்டில் உண்டு. பறவை வேட்டை நாய்களின் களப்போட்டி என அதனைக் கூறலாம். 1865ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சவுத்ஹில் என்னுமிடத்தில் இத்தகைய போட்டி முதன்முதலாக முறைப்படி நடைபெற்றது. அமெரிக்காவில் 1874இல் தொடங்கிய இவ்வழக்கம், 1896இல் தேசியப் போட்டியாக வளர்ந்தது. தெனசி மாநிலத்து எய்ம்ஸ் பண்ணையிலே குளிர்காலத்தில் நெடுங்காலம் நடைபெற்ற அப்போட்டியில், நடுவர்கள் குதிரைமேல் தொடர, ஒவ்வொரு சோடி நாயும் மூன்று மணி நேரம் காடையினப் பறவைகளைத் தேட வேண்டும்.

போட்டி என்றதும் ஓட்டமும் பாய்ச்சலும் நம் நினைவுக்கு வரும். இங்கோ வெற்றியை முடிவு செய்வது நிற்றலே. பொயின்டர், செற்றர் என்னும் சாதி நாய்கள் காற்றை எதிர்கொண்டு புலத்தை இடமும் வலமுமாக அளந்து ஓடும். பறவையின் வாடை மூக்கிற் பட்ட அக்கணமே, ஒரு கால் தூக்கியபடி, வால் விறைக்க, சிலைபோல் நின்றுவிடும். நாயை நடத்துபவர் சென்று பறவையை எழுப்புவார். வெற்று வேட்டு முழங்கும். பறவை ஊறின்றிப் பறந்து போகும். அப்போதும் நாய் அசைதல் ஆகாது. துரத்தினால் தோல்வி.

இதனினும் வியத்தகு விதி ஒன்றுண்டு. இரு நாய்களுள் ஒன்று பறவையைக் கண்டு நின்றால், மற்றது வாடை அறியாதிருப்பினும், தோழனின் நிலையை மதித்துத் தானும் நிற்க வேண்டும். முந்திச் சென்று பிறர் கண்டதைப் பறித்தல் பெருங்குற்றம். புலவர் அவைகளிலும் இவ்விதி நின்று நிலவுமாயின் எத்துணை நன்றாயிருக்கும்!

நம் மரபு வேட்டை நாயை அறியாததன்று. ஞமலி, ஞாளி, சுணங்கன் எனப் பல பெயர் சூட்டிய மொழி நம்முடையது. சினமிக்க நாய்களையுடைய வேட்டுவன் மான் தசையைக் கொடுத்து நெல் பெற்றமையைப் புறநானூறு காட்டுகிறது. சிப்பிப்பாறை, கன்னி முதலிய தமிழ்நாட்டு நாய்கள், கண்ணால் கண்டு கடுகி ஓடி முயலைப் பற்றுவன. அவற்றின் பெருமை விரைவு; பொயின்டரின் பெருமையோ அடக்கம்.

அடக்கத்தின் அருமையை எம்மூரவர் வேறொரு வழியாலும் அறிவர். பயிற்றப்பட்ட வேட்டைப் பிராணி தன் உரிமையாளருக்காகப் பிடித்துக் கொடுப்பதை உண்ணலாம் எனத் திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் அனுமதிக்கிறது. ஏவினால் செல்லுதல், அழைத்தால் மீளுதல், பிடித்ததைத் தான் தின்னாமை ஆகியவற்றைப் பயிற்சியின் அடையாளங்களாக அறிஞர்கள் விளக்குவர். பசியுள்ள வாய்க்கு முன்னே இரை கிடக்க, அதனைத் தீண்டாதிருக்கும் பண்பன்றோ அது?

இலங்கையிலே இக்கலை வேறு முகம் காட்டியது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சாமுவேல் பேக்கர் நாய்க்கூட்டத்துடன் நுவரெலியாக் காடுகளில் மரைகளைத் துரத்தி வேட்டையாடினார். அதனைப் பெருமையுடன் நூலாகவும் எழுதினார். அத்தகைய காலம் கழிந்தது. வன விலங்குகளையும் தாவரங்களையும் காக்கும் கட்டளைச் சட்டம் 1937இல் பிறந்தது.

'எம்மூரிலும் நாய்களைக் கொண்டு இப்படியொரு போட்டி நடத்தலாகாதா?' என்று மாணவன் ஒருவன் என்னை வினவினான். ஆகாது என்றேன். நெடுவழி பறந்து களைத்து வந்த பறவை, இங்கே சேற்றிலே புழு தேடி உடல் தேற்றித் திரும்பவேண்டும். அதனை மீண்டும் மீண்டும் எழுப்புதல் விருந்தினரை உண்ணும்போது எழுப்பியது போலாகும். கண்ணி வைப்பதும் கவணெறிவதும் அதனினும் கொடிது.

ஆயினும் அப்போட்டியின் விதிகளை நாம் கொள்ளலாம். ஆசிரியர்கள் மாரிக்கால விடுமுறை நாளொன்றில் மாணவரை வரப்புக்கு அழைத்துச் செல்லட்டும். பறவையைக் கண்டவன் கையுயர்த்தி நிற்கட்டும். காணாதவனும் அவனை மதித்து நிற்கட்டும். உள்ளான், காடை, கௌதாரி என்று பெயர் சொல்லி, ஏட்டிலே நாளும் இடமும் குறிக்கட்டும். இப்பெயர்கள் இன்று பல மாணவருக்கு அகராதிச் சொற்களாகிவிட்டன. பறவை போனபின் சொல் மட்டும் நெடுநாள் தங்காது. சொல்லை மறந்தவனுக்கோ, பறவை போனதும் தெரியாது. இரண்டையும் காக்கும் பள்ளிக்கூடம் அந்த வரப்பிலே இருக்கின்றது.