பேய்ப் பாட்டு

இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

மேலை நாடுகளில் அக்டோபர்த் திங்கள் 31ஆம் நாள் இரவு ‘ஹாலோவீன்’ என்றொரு விழா நடக்கிறது. சிறுவர்கள் பேயாகவும் பூதமாகவும் வேடம் புனைந்து வீடு வீடாகச் சென்று மிட்டாய் கேட்பார்களாம். அந்த இரவுக்கென்றே பாட்டுகளும் உண்டு. 1962இல் பாபி பிக்கெட் என்பவர் பாடிய ‘மான்ஸ்டர் மாஷ்’ பூதங்கள் கூடி ஆட்டம் போடுவதாக அமைந்த வேடிக்கைப் பாட்டு. அந்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் அதுதான் முதலிடத்தில் இருந்தது. மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ பாட்டின் இறுதியில், பேய்ப் படங்களில் நடித்துப் புகழ் பெற்ற வின்சென்ட் பிரைஸ் பேசிவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டுத் தனியே படுப்பது சற்றுக் கடினம்தான்.

நமக்கு அப்படி ஓர் இரவு இல்லை. ஆனால் பேய்ப் பாட்டு இல்லை என்று யார் சொல்ல முடியும்? இரவு பத்து மணிக்கு மேல் கம்பம் சாலையில் போகும் பேருந்தில் ‘நானே வருவேன்’ ஒலிக்கும்போது, பேசிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சற்றே வாய் மூடுவதை நீங்களும் கவனித்திருக்கலாம். 1966இல் வெளிவந்த ‘யார் நீ?’ படத்தில் பி. சுசீலா பாடியது. ‘வோ கௌன் தீ’ என்ற 1964ஆம் ஆண்டு இந்திப் படத்தின் தழுவல் அது. அங்கே மதன் மோகன் இசையில் லதா மங்கேஷ்கர் பாடிய மெட்டையே இங்கே வேதா தமிழுக்குக் கொண்டுவந்தார்.

கேட்பவரை அச்சுறுத்தும் சொல் எதுவும் அந்தப் பாட்டில் இல்லை. பிறகு ஏன் உடல் சிலிர்க்கிறது? இயற்பியல் படிக்கும் எனக்கு இந்தக் கேள்வி நெடுநாளாக உண்டு.

எங்கள் தோட்டத்துக் கிணற்றில் எட்டிப் பார்த்துக் கூவினால் குரல் சுற்றிச் சுழன்று வரும். அதை எதிரொலி என்று சொல்லிவந்தோம். வகுப்பில்தான் தெரிந்தது, அது எதிரொலி அன்று என்று. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்கிறது. திரும்பி வரும் ஒலியைக் காது தனியாகப் பிரித்தறியப் பத்தில் ஒரு நொடியாவது இடைவெளி வேண்டும். அதற்குச் சுவர் 17 மீட்டர் தொலைவிலாவது இருக்க வேண்டும். கிணற்றின் குறுக்களவு அவ்வளவு இல்லை. எனவே திரும்பும் ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து நீண்டு தேய்கின்றன. இதற்கு எதிர்முழக்கம் என்று பெயர்.

நம் அருகில் நின்று ஒருவர் பேசினால் அவர் குரல் நேராக வருவதே மிகுதி. சுவரில் பட்டு வருவது குறைவு. தொலைவு கூடக் கூட இந்த விகிதம் மாறிவிடும். குரலை மெலிதாக்கி எதிர்முழக்கத்தைக் கூட்டினால், பாடுகிறவர் எங்கோ தொலைவில், நம் கண்ணுக்குப் படாத இடத்தில் இருப்பதாக மூளை எண்ணிக்கொள்கிறது. அக்காலப் பதிவகங்களில் இதற்கென்றே வெற்று அறை ஒன்றை வைத்திருப்பார்கள். பாடிய குரலை அந்த அறைக்குள் ஒலிபெருக்கியில் விட்டு, இன்னொரு ஒலிவாங்கியால் திரும்பப் பிடிப்பார்கள். கிணற்றைக் கட்டடத்துக்குள் கொண்டுவந்தது போலத்தான்!

இந்த வகைப் பாட்டுகளுக்கெல்லாம் மூத்தது என்று 1949இல் வந்த ‘மகல்’ இந்திப் படத்தின் ‘ஆயேகா ஆனேவாலா’வைச் சொல்வார்கள். இசை கேம்சந்த் பிரகாஷ். ஒலிவாங்கியை அறையின் நடுவில் வைத்துவிட்டு, மூலையிலிருந்து பாடிக்கொண்டே மெல்ல நடந்து வந்ததாக லதா மங்கேஷ்கரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். வேறு எந்தக் கருவியும் இல்லை, நடைதான் கருவி. அப்போது அவருக்கு ஏறக்குறைய என் வயது!

அச்சம் உண்டாகும் விதம் இப்படி. ஆனால் பாடுகிற பேய் யார் என்று பார்த்தால் அது இன்னொரு கதை. ‘மகல்’ படத்தில் பேய் என்று நம்பப்பட்டவள் தோட்டக்காரரின் மகள், உயிருள்ள பெண். ‘யார் நீ?’யிலும் பேய் இல்லை. சூழ்ச்சிக்காரர்கள் நடமாட விட்ட பெண்தான். 1963இல் ஸ்ரீதர் இயக்கிய ‘நெஞ்சம் மறப்பதில்லை’யில் சென்ற பிறவியில் ஜமீன்தார் மகனைக் காதலித்த ஏழைப் பெண் கொல்லப்படுகிறாள், மறுபிறவியிலும் அந்தப் பாட்டு விடாமல் துரத்துகிறது. ‘சந்திரமுகி’யில் (2005) அரசன் கவர்ந்து வந்து அடைத்து வைத்த நடனப் பெண். ஆண் பேய் பாடி நான் அதிகம் கேட்டதில்லை. உயிரோடிருந்தபோது வாய் திறக்க விடப்படாதவர்களே செத்த பிறகு பாடுகிறார்கள் போலும்.

‘சந்திரமுகி’ பற்றி இன்னொன்று. அதன் மூலமான ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) மலையாளப் படம். அதில் பேயாகப் பேசுபவள் தஞ்சாவூரிலிருந்து வந்த நாட்டியக்காரி. எனவே மலையாளப் படத்தில் பேய் தமிழ் பாடுகிறது. தமிழுக்கு வந்ததும் அதே பேய் ‘ரா ரா’ என்று தெலுங்கு பாடுகிறது! அண்டை வீட்டு மொழிதான் எவருக்கும் பேய் மொழி போலிருக்கிறது. குமுளி மலை ஏறினால் மலையாளம், பள்ளத்தாக்குக்குள்ளேயே தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் என்று வாழும் நமக்கு இதில் சிரிப்பதற்கு நிறைய இருக்கிறது.

சிரிக்க வைக்கும் பேய்களும் தமிழுக்குப் புதியவை அல்ல. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்தில் பேய்கள் கூழ் சமைக்கின்றன. குருட்டுப் பேய், ஊமைப் பேய், செவிட்டுப் பேய், கருவுற்ற பேய் என்று பந்தி வைத்துப் பரிமாறுகின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே நம்மவர் பேய்க்கு விருந்து வைத்துவிட்டார்கள். அந்தப் பந்தியின் தொடர்ச்சிதான் ‘மாயா பஜார்’ (1957) படத்தில் ரங்காராவ் கடோத்கசனாக நடிக்க, திருச்சி லோகநாதன் பாடிய ‘கல்யாண சமையல் சாதம்’ என்று எனக்குத் தோன்றும். பரணியின் பேய்களுக்குப் பிணக்கூழ். கடோத்கசனுக்குக் கல்யாணச் சாப்பாடு. பசி ஒன்றுதான்.

என் தந்தை இந்தப் பாட்டை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவார். மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வரும் நாட்களில் திராட்சைத் தோட்டத்து மோட்டாரைப் போட அவர் தனியே போக வேண்டும். வழியில் ஒரு புளியமரம். வீட்டை விட்டுக் கிளம்பும்போது பேச்சின்றிப் போவார். மரத்தை நெருங்கியதும் கடோத்கசன் சிரிப்பு எங்கள் வாசல் வரை கேட்கும். பேயை விரட்டவா, பயத்தை விரட்டவா என்று கேட்டால், “ரெண்டும் ஒண்ணுதான் ஆத்தா” என்பார்.

அந்தப் புளியமரத்துக்கும் எங்கள் குடும்பத்துக்கும் வேறொரு தொடர்பு உண்டு. நம் பக்கத்தில் பேயோட்டுபவரைக் கோடாங்கி என்போம். அவர் கையில் இருப்பது உடுக்கு. அதன் இடுப்பிலுள்ள கயிறுகளை விரலால் அழுத்தினால் தோல் இறுகிச் சுருதி உயரும், விட்டால் தாழும். இழுவிசை நான்கு மடங்கானால்தான் அதிர்வெண் இரு மடங்காகும் என்பது பாடம்; கோடாங்கியின் கைக்கு அந்தக் கணக்கு எழுதாமலே தெரியும். மனிதக் குரல் கேள்வி கேட்பது போல ஏறி இறங்கும் வேறு தாளக் கருவிகள் குறைவு. அதனால்தான் உடுக்கு பேசுகிறது என்கிறார்கள்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, திருமணமாகி ஓராண்டு ஆகியிருந்த என் அத்தைக்கு அந்த உடுக்கு அடித்தார்கள். கோடாங்கி பாட்டாகவே கேட்டார்: நீ யார், எங்கே பிடித்தாய், உனக்கு என்ன வேண்டும்? வெகுநேரம் தலைவிரி கோலமாய் ஆடிய அத்தை, கடைசியில் தானும் பாட்டாகவே பதில் சொன்னாள். இறந்துபோன யாரோ ஒருத்தியின் பெயரைச் சொல்லிக்கொண்டு, புகுந்த வீட்டில் சோற்றுக்குக் கணக்குப் பார்த்ததையும், கணவன் அடித்ததையும், தாய் வீட்டுக்கு வந்து சொன்னபோது “பொறுத்துப் போ” என்று திருப்பி அனுப்பியதையும் ஒன்றுவிடாமல் பாடினாள். எங்கள் பாட்டி அழுதாள். முன்பு அத்தை தன் பெயரிலேயே இவற்றைச் சொன்னபோது பாட்டி அழவில்லை. பின்பு உச்சி முடியில் ஒரு கொத்தை அறுத்து அந்தப் புளியமரத்தில் ஆணியடித்தார்கள். அத்தை புகுந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. பேய் மறுபடி வந்துவிடும் என்று பயந்து யாரும் அனுப்பவில்லை!

மரத்தில் பேய் இருக்கிறது என்று சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறவர்களை நம்பாதே என்று ஒரு சிறுவனிடம் சொல்வதாகப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதிய ‘சின்னப் பயலே’ பாட்டு ‘அரசிளங்குமரி’ படத்தில் இருக்கிறது. கவிஞர் 1959இல் மறைந்தார். படம் 1961இல் வந்தது. இன்றும் மாலை ஆய்வுக்கூடம் முடிந்து கடைசிப் பேருந்தில் இறங்கும் எனக்கு “இருட்டுறதுக்குள்ள வந்துரு, மரத்தடியில நிக்காதே” என்றுதான் சொல்லி அனுப்புகிறார்கள். கவிஞர் பையனுக்குச் சொன்னதைப் பெண்பிள்ளைக்கும் சொல்லியிருக்கலாம் என்று ஒரு சிறு குறை எனக்கு உண்டு.

அத்தை இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். இந்தக் கட்டுரைக்காக, அன்று பாடியது பேயா நீயா என்று துணிந்து கேட்டேன். கொடியிலிருந்து திராட்சைக் குலையை அறுத்துக் கூடையில் வைத்துவிட்டு, “யாரு பாடினா என்னத்தா, எல்லாரும் உக்காந்து கேட்டாங்கள்ல?” என்றாள்.