மேஜைமேல் ஒரு பாய்மரக் கப்பல்



ஈராண்டுகளுக்கு முன்பு, எங்கள் சபையைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது, ஒரு நீண்ட அட்டைப்பெட்டியை என் கையில் கொடுத்தார். அவர் தூத்துக்குடிக்காரர், சரக்குக் கப்பலில் பணிபுரிகிறவர், குடும்பம் மும்பையில் எங்கள் ஜெபவீட்டுக்கு அருகே வசிக்கிறது. “தம்பியிடம் கொடுங்கள் பாஸ்டர், வீட்டில் சும்மாதானே இருக்கிறான்” என்றார். தம்பி என்று அவர் சொன்னது என் இளைய மகனை. பொறியியல் படிப்பை இரண்டாம் ஆண்டோடு நிறுத்திவிட்டு, ஏழு மாதங்களாக அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இருந்தான். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் ஆலோசனை சொல்லுகிற எனக்கு, அவனோடு சேர்ந்தாற்போல் நான்கு வார்த்தை பேசத் தெரியவில்லை.

பெட்டியை அவன் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு வாரம் கழித்து நானே திறந்தேன்.

உள்ளே கப்பல் இல்லை. ஒட்டுப்பலகையில் வெட்டப்பட்ட சில வடிவங்கள், கட்டுக்கட்டாக மெல்லிய மரப்பட்டைகள், உருண்டைக் குச்சிகள், நூற்கண்டுகள், கடுகளவு பித்தளைச் சாமான்கள், மேஜையையே மூடுகிற வரைபடங்கள். இவையெல்லாம் சேர்ந்து ‘புளூநோஸ்’ என்ற கப்பலாக வேண்டுமாம். அளவு 75-க்கு 1. மெய்யான கப்பல் 143 அடி நீளம். எங்கள் மேஜைமேல் அது 58 செ.மீ. உடல் கொண்டதாக நிற்கும். (போதகர் கப்பல் கட்டுகிறார் என்று கேள்விப்பட்டவர்கள், “பேழையா?” என்று சிரித்தார்கள். பேழைக்குப் பாய்மரம் கிடையாது என்று பதில் சொல்லிக் களைத்தேன்.)

இந்தக் கப்பலின் சரித்திரம் சொல்லத்தக்கது. கனடாவில் நோவா ஸ்கோஷியா மாகாணத்து லூனன்பர்க் துறைமுகத்தில் 1921 மார்ச் 26 அன்று இது கடலில் இறக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில், மீன்பிடிக் கப்பல்களுக்கென்று நடந்த பந்தயத்தில் அமெரிக்கக் கப்பல் ஒன்று வென்று கோப்பையை எடுத்துச் சென்றிருந்தது. அதை மீட்கவேண்டும் என்று கட்டப்பட்டதே புளூநோஸ். வடிவமைத்த வில்லியம் ரூவே அன்று முழுநேரக் கப்பல் சிற்பியல்லர். குடும்பத்தின் குளிர்பானத் தொழிலில் இருந்துகொண்டே கப்பற்கலையைத் தானாகக் கற்றவர். பந்தயத்தின் விதி எனக்கு மிகவும் பிடித்தது: போட்டியிடும் கப்பல் உண்மையாகவே கடலுக்குச் சென்று மீன் பிடித்திருக்க வேண்டும். அலங்காரக் கப்பலுக்கு அங்கே இடமில்லை. தலைவன் ஆங்கஸ் வால்ட்டர்ஸ் முதலில் மீன்பிடிக்கப் போனார். அதே ஆண்டு அக்டோபரில் கோப்பையை மீட்டார். 1938-இல் நடந்த கடைசிப் பந்தயம் வரை அதை வேறெவராலும் கொண்டுபோக முடியவில்லை. 1937 முதல் கனடாவின் பத்து சென்ட் நாணயத்தில் இக்கப்பலின் உருவம் இருக்கிறது. ஆயினும் இயந்திரக் கப்பல்கள் பெருகியபின் அதற்குப் பிழைப்பில்லை. விற்கப்பட்டு, கரீபியன் கடலில் சரக்கு ஏற்றித் திரிந்து, 1946 ஜனவரியில் ஹெய்ட்டி அருகே பாறையில் மோதி அழிந்தது.

இனி வேலைக்கு வருவோம். முதலில் ஏரா எனப்படும் அடிமரத்தை நிறுத்தி, அதில் வங்குகளைக் குறுக்காகப் பொருத்த வேண்டும். மீனின் முள்ளைப்போல் ஒரு கூடு எழும்பும். வங்குகளின் ஓரங்களைப் பலகை வளையும் சாய்வுக்கு ஏற்ப அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்க்க வேண்டும். அவசரக்காரர்கள் இதைக் குறைத்துக்கொள்வார்கள். நானும் குறைத்துக்கொண்டேன்.

அடுத்தது பலகை போர்த்துதல். மரப்பட்டையை வெந்நீரில் ஊறவைத்து, மெல்ல வளைத்து, வெள்ளைப் பசையிட்டு, துணி மாட்டும் கிளிப்புகளால் பிடித்து உலரவிட வேண்டும். கப்பலின் இடுப்பு அகலம், மூக்கு ஒடுக்கம். ஆகவே ஒவ்வொரு பட்டையையும் முனையை நோக்கிச் சிறுகச் சிறுக ஒடுக்கிச் சீவ வேண்டும். சீவாமல் ஒட்டினால் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். இவ்வளவும் நான் கவனமாகச் செய்தேன். இரவு ஜெபம் முடிந்து வீடு அடங்கியபின் ஒரு மணி நேரம், நாளுக்கு ஒரு பட்டை. வலப்பக்கம் கைக்கு வசதியாக இருந்தபடியால் அந்தப் பக்கத்திலேயே ஒன்பது பட்டைகள் ஒட்டிவிட்டேன். அழகாகத்தான் தெரிந்தது.

ஒரு காலையில் தண்ணீர் குடிக்க வெளியே வந்த மகன் மேஜையருகே நின்றான். குனிந்து, ஒரு கண்ணை மூடி, மூக்கிலிருந்து பின்புறம்வரை நீளமாகப் பார்த்தான்.

“அப்பா, கப்பல் கோணியிருக்கிறது” என்றான்.

பல மாதங்களில் அவனாக என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. எனக்கு முதலில் வந்தது கோபம். ஸ்கேலை எடுத்து ஏராவின் ஓரத்தில் வைத்துப் பார்த்தேன். நடுவில் அரை விரற்கடை இடைவெளி. வளைத்து ஒட்டிய பட்டை ஒவ்வொன்றும் மறுபடி நிமிரப் பார்க்கும். அந்த இழுப்பெல்லாம் ஒரே பக்கத்தில் சேர்ந்தால், மெல்லிய ஏரா என்ன செய்யும்? வலத்தில் ஒன்று ஒட்டினால் இடத்தில் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போர்த்த வேண்டும் என்பது இத்தொழிலின் பாலபாடம். வழிகாட்டிப் புத்தகத்தின் நான்காம் பக்கத்திலேயே எழுதியிருந்தது. நான் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன், யாரையும் கேளாமல்.

கல்லூரியில் அவனைச் சேர்த்ததும் அப்படித்தான். அன்று அதை அவனிடம் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அடுப்பில் வெந்நீர் வைத்தான்.

வெந்நீரில் நனைத்த துணியைப் பட்டைமேல் போர்த்தி வைத்தால், சாதாரண வெள்ளைப் பசை இளகும். (தண்ணீருக்கு அசையாத வகைப் பசையாக இருந்தால் இளகாது, ஆரம்பிக்கிறவர்கள் சாதாரணப் பசையையே வாங்குங்கள்.) மெல்லிய கத்தியை உள்ளே செலுத்தி ஒன்பதையும் கழற்ற இரண்டு நாட்களாயின. மூன்று முறிந்தன. ஏராவை இரு நேரான சட்டங்களுக்கு நடுவே இறுக்கி ஒரு வாரம் வைத்தோம். நான் தேய்க்காமல் விட்ட வங்குகளை அவன் தேய்த்தான். பிறகு வலத்தில் நான், இடத்தில் அவன். அவன் பக்கம் என் பக்கத்தைவிட நன்றாக அமைந்தது என்பதை என் மனைவி சொல்லித்தான் ஒப்புக்கொண்டேன்.

இரண்டாம் அடுக்கு, மேல்தளம், பாய்மரங்கள் எல்லாம் அவன் கைக்குப் போயின. மேல்தளத்தில் வைக்கவேண்டிய சிறு படகுகளைச் செய்வதற்கே ஒரு மாதம் எடுத்துக்கொண்டான். மெய்யான கப்பலில் இருவர் இருவராக இப்படகுகளில் இறங்கிப்போய், நீண்ட தூண்டிற்கயிறு போட்டுக் காட் மீன் பிடித்தார்கள். நடுவிலுள்ள இருக்கைகளைக் கழற்றிவிட்டால், கிண்ணங்களை அடுக்குவதுபோல் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். அவன் செய்த படகுகளும் அடங்குகின்றன.

பாய்மரத்தை இருபுறமும் பிடித்து நிறுத்தும் கயிறுகளுக்குக் குறுக்கே, மாலுமிகள் ஏறும்படி ஏணிக்கயிறுகள் உண்டு. எங்கள் அளவில் ஒவ்வொரு படிக்கும் 5 மி.மீ. இடைவெளி. கோடுபோட்ட தாளைப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சந்திப்பிலும் ‘கிளவ் ஹிட்ச்’ முடிச்சுப் போட வேண்டும். முடிச்சை அந்தச் சகோதரரே துறைமுகத்திலிருந்து அலைபேசியில் காட்டிக்கொடுத்தார். இறுக்கிவிட்டால் கயிறுகள் உள்வாங்கி உடுக்கையைப்போல் இடை சிறுத்துவிடும். தளர்த்தினால் படி தொங்கும். நான் ஒரு மாலை முயன்று பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன்.

மகன் கல்லூரிக்குத் திரும்பவில்லை. இப்பொழுது ஒரு மரச்சாமான் பட்டறையில் வேலை பழகுகிறான்; சம்பளம் சொற்பம். சபையில் சிலர் கேட்கும்போது முன்போலப் பேச்சை மாற்றாமல் பதில் சொல்லுகிறேன். இரவில் வந்து சாப்பிட்டதும் மேஜைவிளக்கைப் போடுகிறான். முன்பாய்மரத்தின் இடப்பக்க ஏணிக்கயிறுகள் மட்டும் மிச்சம். மும்பையின் மழைக்கால ஈரத்தில் நூலின் இறுக்கம் மாறும் என்பதால், கப்பலைப் பழைய வேட்டியால் மூடி பீரோவின்மேல் வைத்திருக்கிறோம். மழை விடட்டும் என்கிறான்.