வர்ணம் காயுமுன்: எயார் பிரஷைப் பேணும் முறை

ஓவியக் கருவிகளுள் எயார் பிரஷ் தனித்தன்மை வாய்ந்தது. சாதாரண தூரிகையின் மயிரிழைகள் தாளைத் தொட்டுச் செல்கின்றன. எயார் பிரஷோ தாளைத் தொடுவதே இல்லை. அமுக்கப்பட்ட வளி, வர்ணத்தை நுண்துளிகளாக்கித் தாளின் மீது படியச் செய்கிறது. அந்தி வானத்தில் செம்மை மெல்ல மெல்ல நீலமாக மாறுவது போன்ற நிறமாற்றத்தை, கோடு தெரியாமல் தாளில் கொண்டுவர இக்கருவியால் முடிகிறது.

1870களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த அப்னர் பீலர் என்பவர் இதன் ஆரம்ப வடிவமொன்றை உருவாக்கினார். தொடக்க காலத்தில் நிழற்படங்களைத் திருத்தவும் அவற்றுக்கு நிறமூட்டவும் இது பெரிதும் பயன்பட்டது. 1910களின் பிற்பகுதியில் மான் ரே என்ற ஓவியர் இதனைக் கொண்டே ஓவியங்கள் படைத்தார். இன்று விளம்பரப் பலகை, வாகனம், சிறிய மாதிரியுருக்கள், கேக் அலங்காரம் என இதன் பயன்பாடு விரிந்துள்ளது.

ஆனால் ஆசையோடு வாங்கப்படும் எயார் பிரஷ் சில மாதங்களிலேயே அலுமாரியின் மூலைக்குப் போய்விடுவதும் உண்டு. "வர்ணம் வெளியே வருவதில்லை" என்பதே பெரும்பாலும் சொல்லப்படும் குறை. இந்தக் குறைக்குப் பல வேளைகளில் காரணமாவது, முந்திய நாள் உள்ளே காய்ந்துபோன வர்ணமே. ஆகவே இக்கருவியைச் சுத்தம் செய்வதை, படம் முடிந்த பின் நேரமிருந்தால் செய்யும் வேலையாக எண்ணக்கூடாது. வர்ணம் ஈரமாக இருக்கும் சில நிமிடங்களுக்குள் அதனைச் செய்து முடிக்க வேண்டும். ஏன் அவ்வாறு என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம்.

உள்ளே நடப்பது என்ன?

எயார் பிரஷின் நடுவே நீண்ட, மெல்லிய ஊசியொன்று உள்ளது. அதன் கூர்முனை, நொசில் எனப்படும் சிறிய முனைக்குழலின் துவாரத்தை அடைத்தபடி இருக்கும். பரவலாகப் பயன்படும் இரட்டைச் செயல் வகையில் விசையைக் கீழே அழுத்தினால் வளி வரும். பின்னால் இழுத்தால் ஊசி பின்வாங்கி வர்ணத்துக்கு வழிவிடும். முனைக்குழலைச் சுற்றி வேகமாகப் பாயும் வளி அவ்விடத்தில் அமுக்கத்தைக் குறைப்பதால், கிண்ணத்திலுள்ள வர்ணம் முன்னோக்கி இழுக்கப்பட்டு நுண்துளிகளாகச் சிதறுகிறது.

இத்துவாரத்தின் விட்டம் பொதுவாக 0.2 முதல் 0.5 மில்லிமீற்றர் வரையிலானது. 0.3 மில்லிமீற்றர் என்பது சாதாரணத் தாள்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வரும் தடிப்பு. அந்தச் சிறு வழியின் பெரும்பகுதியை ஊசியும் பிடித்துக்கொள்கிறது. எஞ்சிய இடைவெளியில் ஒரு சிறு வர்ணத் துணுக்கு ஒட்டிக்கொண்டாலும் வர்ணம் தடைப்படும், அல்லது துப்பியதுபோல் தெறிக்கும். பெருநாள் இரவில் மருதோன்றிக் கோனின் முனை காய்ந்து அடைபடும்போது நாம் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். அங்கே குண்டூசியால் குத்தித் திறந்துவிடலாம். இங்கே அப்படிக் குத்தினால் முனைக்குழலே பழுதாகிவிடும்.

அக்ரிலிக் வர்ணத்தின் இயல்பையும் கவனிக்க வேண்டும். இதில் பல்பகுதியத்தின் மிகச் சிறிய துணிக்கைகள், நிறப்பொருளுடன் சேர்ந்து நீரில் பரவியிருக்கின்றன. நீர் ஆவியாகும்போது அத்துணிக்கைகள் நெருங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, மெல்லிய பிளாஸ்டிக் படலமாகின்றன. அதன் பின் நீர் ஊற்றினாலும் அவை பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அடிப்பிடித்த சோற்றுப் பானையை இரவெல்லாம் ஊறவைத்தால் காலையில் இலகுவாகக் கழுவிவிடலாம். காய்ந்த அக்ரிலிக்கை எத்தனை நாள் நீரில் ஊறவைத்தாலும் அது கரையாது. ஈரமாக இருக்கும்போது வெறும் நீரே போதுமாயிருந்த வேலைக்கு, காய்ந்த பின் கரைப்பான் தேவைப்படுகிறது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பது இங்கும் பொருந்தும்.

சுத்தம் செய்யும் ஒழுங்கு

முதலில் கிண்ணத்தில் மீதமுள்ள வர்ணத்தை வெளியேற்றி, உட்புறத்தை டிஷூவால் துடைக்க வேண்டும். பின்பு சிறிது நீர் விட்டு, மென்மையான சிறு தூரிகையால் கிண்ணத்தின் அடியையும் ஓரங்களையும் அலசி ஊற்றிவிட வேண்டும். மீண்டும் நீர் விட்டு, அதனை மூடியுள்ள சுத்திகரிப்புப் போத்தலுக்குள் அல்லது பழைய துணியொன்றின் மீது விசிற வேண்டும். வெளிவரும் நீர் நிறமற்றதாகும் வரை இதனைத் தொடரலாம்.

அடுத்து வளியைப் பின்னோக்கிச் செலுத்தும் முறை. ஊசிமுனையைக் காக்கும் மூடி பொருத்தப்பட்டிருக்கும் நிலையில், கிண்ணத்தில் சிறிது நீர் இருக்க, வளியின் அமுக்கத்தைக் குறைத்து, முனையைத் துணியால் மெதுவாகப் பொத்திக்கொண்டு விசையை இயக்க வேண்டும். வெளியேற வழியில்லாத வளி முனைக்குழல் வழியே பின்னால் சென்று கிண்ணத்தில் குமிழிகளாக எழும். உள்ளே ஒட்டியிருந்த வர்ணமும் அதனோடு மேலே வரும். அந்த நீரை ஊற்றிவிட்டு, அக்ரிலிக்குக்கெனத் தயாரிக்கப்பட்ட சுத்திகரிப்புத் திரவத்தில் சில துளிகளை இட்டு, ஒரு நிமிடம் விட்டு விசிறுவது நல்லது. எனாமல், லக்கர் போன்ற வர்ணங்களுக்கு நீர் பயன்படாது. அவற்றுக்குரிய தின்னரையே பயன்படுத்த வேண்டும்.

இவை முடிந்த பின்னரே ஊசியைக் கழற்ற வேண்டும். கழுவுமுன் ஊசியைப் பின்னால் இழுத்தால், அதில் ஒட்டியுள்ள வர்ணம் உள்ளேயுள்ள அடைப்பு வளையத்தைக் கடந்து விசைப் பகுதிக்குள் சென்றுவிடும். கைப்பிடியைக் கழற்றி, ஊசியைப் பிடித்திருக்கும் சுரையைத் தளர்த்தி, நேராக இழுத்தெடுக்க வேண்டும். ஈரத் துணிக்குள் ஊசியை வைத்து, தடித்த பக்கத்திலிருந்து கூர்முனையை நோக்கிச் சுழற்றியபடி துடைக்க வேண்டும். எதிர்த்திசையில் துடைத்தால் துணியில் சிக்கி முனை வளையலாம், விரலிலும் குத்தலாம்.

ஊசியை மீண்டும் செலுத்தும்போது, எயார் பிரஷுக்குரிய மசகு எண்ணெயில் ஒரு சிறு துளியை அதன் நடுப்பகுதியில் பூசலாம். முனையில் பூசினால் அது வர்ணத்தோடு கலந்துவிடும். ஊசி முனைக்குழலைத் தொட்டு நிற்கும் இடத்தோடு நிறுத்திச் சுரையை இறுக்க வேண்டும். பலங்கொண்டு தள்ளினால் முனைக்குழல் விரிந்து வெடித்துவிடும். கருவியின் மிகச் சிறிய பாகங்களுள் ஒன்று இது. இலகுவில் பழுதாவதும் இதுதான்.

முனைக்குழலை ஒவ்வொரு நாளும் கழற்ற வேண்டியதில்லை. அடைப்புத் தெரிந்தால் மட்டும், அதற்கெனத் தரப்பட்ட சிறிய சாவியால் மெதுவாகக் கழற்றிச் சுத்தம் செய்யலாம். தையல் ஊசியால் குத்தக்கூடாது. துவாரத்தின் வட்டம் சிதைந்தால் எவ்வளவு கழுவினாலும் விசிறல் சீராகாது.

தவிர்க்க வேண்டியவை

முழுக் கருவியையும் கரைப்பானில் அமிழ்த்தி வைக்கக்கூடாது. உள்ளேயுள்ள இறப்பர் வளையங்கள் உப்பிப் பழுதாகலாம். பெரும்பாலான எயார் பிரஷ்கள் பித்தளையில் செய்யப்பட்டு மேலே குரோமியம் பூசப்பட்டவை. அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் திரவத்தில் நீண்ட நேரம் ஊறவிட்டால் பித்தளை அரிக்கப்படும்.

யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற சுண்ணாம்புக்கல் நிலப் பகுதிகளில் கிணற்று நீர் கடினமானது. கேத்திலின் அடியில் படியும் வெண்படிவு எயார் பிரஷின் உள்ளேயும் படியக்கூடும். இத்தகைய இடங்களில் கடைசியாக அலசுவதற்குக் காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்துவது நன்று. கரையோரப் பகுதிகளின் ஈரப்பதனும் கவனத்துக்குரியது. கொம்பிரசருக்குள் வளி அமுக்கப்படும்போது அதிலுள்ள நீராவி ஒடுங்கி நீர்த்துளிகளாகும். அத்துளிகள் படத்தின் மீது தெறிக்காதிருக்க, குழாயில் பொருத்தப்பட்டுள்ள ஈரம்பிடிக்கும் பகுதியை இடையிடையே வடித்துவிட வேண்டும்.

அறிகுறிகளும் காரணங்களும்

கருவி தன் குறையைத் தானே காட்டிக்கொடுக்கும். விசிறும்போது கிண்ணத்தில் தானாகக் குமிழிகள் எழுந்தால், முனைக்குழல் தளர்ந்திருக்கலாம், வெடித்திருக்கலாம் அல்லது அடைபட்டிருக்கலாம். வர்ணம் ஒரு பக்கமாகச் சாய்ந்து சென்றால் ஊசிமுனை வளைந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும். விசையைப் பின்னால் இழுக்காதபோதே வர்ணம் கசிந்தால், ஊசி தன் இடத்தில் சரியாகப் பொருந்தவில்லை என்பது பொருள். விசை இறுகி மெதுவாகத் திரும்பினால் வர்ணம் உட்பகுதிக்குள் சென்றிருக்கிறது.

படம் வரைந்துகொண்டிருக்கும்போதே வர்ணம் விட்டுவிட்டுத் தெறிப்பதும் உண்டு. காற்றடிக்கும் நாளில் கொடியில் போட்ட துணி விரைவில் உலர்வதைப்போல, இடைவிடாது பாயும் வளியால் ஊசிமுனையிலுள்ள வர்ணம் உலர்ந்துபோவதே அதற்குக் காரணம். ஈரமான பஞ்சுக்குச்சியால் முனையை அவ்வப்போது ஒற்றியெடுத்தால் போதும். வெளிர் நிறங்களில் தொடங்கிக் கடும் நிறங்களுக்குச் சென்றால், நிறம் மாற்றும்போது கழுவும் வேலையும் குறையும்.

நமது பாதுகாப்பும் மற்றவர் நலனும்

தாளின் மீது படியாத நுண்துளிகள் அறையின் வளியில் மிதக்கின்றன. சுத்தம் செய்யும்போதும் அவ்வாறே. "நீரில் கரைத்த வர்ணம்தானே" என்று அதனைச் சுவாசிப்பது தகாது. யன்னல்களைத் திறந்துவைத்து, பொருத்தமான முகக்கவசம் அணிய வேண்டும். கட்மியம் போன்ற நச்சு உலோகம் கலந்த நிறங்களை விசிறவே கூடாது. தின்னரைத் தீயருகே பயன்படுத்தலாகாது. ஓவியத்துக்குப் பயன்படுத்திய எயார் பிரஷை எவ்வளவு கழுவினாலும் கேக் அலங்காரத்துக்கு எடுக்கக்கூடாது; உணவு நிறங்களுக்கெனத் தனிக் கருவி இருக்க வேண்டும்.

சித்திர அறையில் ஒரே எயார் பிரஷைப் பலர் மாறி மாறிப் பயன்படுத்தும்போது, சுத்தம் செய்வதன் பெறுமதி இன்னும் தெளிவாகும். இன்று ஒருவர் உள்ளே விட்டுச்செல்லும் கறுப்பு, நாளை இன்னொருத்தியின் மஞ்சள் வானத்தில் புள்ளியாக விழும். பல நாள் உழைப்பில் உருவான படம் அவளுடையது, தவறு அவளுடையதன்று. ஆகையால் மாணவிகளே, நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்றில் வரைய அமர்ந்தால் இறுதிப் பத்து நிமிடத்தைக் கழுவுவதற்கென ஒதுக்கிவிடுங்கள். தெளிந்த நீர் வெளிவருவதைக் கண்ணால் கண்ட பின்பே கருவியை அடுத்தவர் கையில் கொடுங்கள்.