மயிலாடிச் சபையும் கோயில் ஊழியமும்

சுசீந்திரத்தை அடுத்த மயிலாடியில் 1809-இல் மிஷனரி ரிங்கல்தௌபே ஆலயம் எழுப்பினார். தென் திருவிதாங்கூரில் புரொட்டஸ்டன்ட் சபை வேரூன்றிய இடம் இது. அவர் வர வழிவகுத்தவர் சாம்பவர் குலத்து மகராசன்; தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனவர்.

சபையை நெருக்கியது ஊழியம் என்ற கட்டாய வேலை. அரசுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் கூலியில்லாமல் உழைக்க வேண்டியிருந்தது, ஞாயிற்றுக்கிழமையும் விலக்கில்லை. போக மறுத்தால் அடி, போனால் மனச்சாட்சியின் உறுத்தல். ரோமப் பேரரசின் ஆதிச் சபைகளிடம் சக்கரவர்த்தி சிலைக்கு ஒரு சிட்டிகை தூபம் கேட்டார்கள். இங்கே கேட்டது உடலுழைப்பை, அதுவும் சாதியின் பெயரால், இதுவே கொடியது.

கர்னல் மன்றோ திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த காலத்தில் (1810–1819) கிறிஸ்தவர்களுக்குக் கோயில் ஊழியத்திலிருந்தும் ஞாயிறு வேலையிலிருந்தும் விலக்கு கிடைத்தது. அரசுக்கான மற்ற ஊழியம் நீடித்தது.