அத்திரியும் தவலமும்

நம் பழந்தமிழில் அத்திரி என்றொரு சொல் உண்டு. கோவேறு கழுதை என்பது பொருள். ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது. தான் குட்டி ஈனாதது. நற்றிணையில் உலோச்சனார் காட்டும் அத்திரி உப்பங்கழிச் சேற்றில் நடந்து வந்தது; அதன் குளம்பில் இறால்கள் சிக்கியிருக்கின்றன. அகநானூற்றில் நக்கீரர் பாடிய அத்திரியின் காலைச் சுறா தாக்கியிருக்கிறது. அந்தப் புண்பட்ட காலைச் சொல்லியே தோழி தலைவனை இரவு தங்கிப் போகச் சொல்கிறாள். சிலப்பதிகாரத்தில் கடலாடச் செல்லும் கோவலனும் அத்திரி மீதே ஏறுகிறான். ஆக, புலவர் கண்ட அத்திரி செல்வர் வீட்டு ஊர்தி. பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்து, வில்வீரர் காக்கும் சுங்க வழியில் நடப்பவை வெறுங்கழுதைகளே.

நமது கண்டி மலையில் அந்தச் சுமையைத் தூக்கியது எருது. கழுதை, புத்தளம், கற்பிட்டி, மன்னார்ப் பக்கத்து விலங்கு. அத்திரிக்கோ குதிரையும் வேண்டும், கழுதையும் வேண்டும்; ஒவ்வொரு தலைமுறையையும் புதிதாகப் பெற வேண்டும். எருதுக்கு அந்தத் தொல்லை இல்லை. முதுகின் இருபுறமும் எடை ஒத்த பொதிகளைத் தொங்கவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிச் செல்லும் அந்த வரிசையைச் சிங்களத்தில் தவலம் என்பர். தமிழில் தாவளம் என்றால் தங்குமிடம். இரு சொல்லும் ஒரே வழியில் நடந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஏன் வண்டி இல்லை? கண்டி மன்னர் பாதையை அகலமாக்க விரும்பவில்லை. அகன்ற பாதையில் பீரங்கியும் வருமல்லவா! 1660 இல் சிறைப்பட்டு 1679 இல் தப்பிய ரொபர்ட் நொக்ஸ், ஒடுங்கிய வழிகளையும் அவற்றை அடைத்த முட்கதவுகளையும் எழுதி வைத்திருக்கிறார். குருநாகல் சமவெளியிலிருந்து மலைக்கு ஏறும் கலகெதர அத்தகைய வாயில். 1803 பெப்ரவரியில் ஜெனரல் மக்டொவலின் படை கண்டிக்குள் நுழையுமுன் கலகெதர, கிரிஹாகம காவலரண்களைப் பிடிக்க வேண்டியிருந்தது. இன்று புத்தளத்திலிருந்து குருநாகல் வழியாகக் கட்டுகஸ்தோட்டைக்கு வரும் பெருந்தெருவும் கலகெதரவைத் தொட்டே வருகிறது.

புத்தளம் என்றதும் உப்பு நினைவுக்கு வரவேண்டும். மலைநாட்டில் பாக்கும் மிளகும் விளையும், உப்பு விளையாது. 1766 ஒப்பந்தத்தால் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போனபோதும், சிலாபம், புத்தளம் உப்பளங்களில் உப்பெடுக்கும் உரிமையைக் கண்டியரசு விடவில்லை. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்கிறோம். கண்டிக்கு உப்பைக் கொண்டுவந்து சேர்த்த எருதை யார் நினைக்கிறோம்? கண்டி வரலாறு என்றால் பெரஹராவின் யானைதான் கண்முன் வருகிறது.

எருதை ஓட்டியவரையும் மறந்துவிட்டோம். மன்னரின் போக்குவரத்துப் பிரிவுக்கு 'மடிகே பத்த' என்று பெயர். அதில் பெரும்பங்கு முஸ்லிம் மக்களுக்கு. சிங்கள மன்னரின் சேவையில், வீட்டில் தமிழ் பேசியோர், சிங்கள ஊர்கள் ஊடாகக் கருவாடும் துணியும் உப்பும் ஏற்றிவந்து பாக்கும் மிளகும் இறக்கிப் போனார்கள். மடிகே என்ற பெயர் தாங்கிய ஊர்கள் இன்றும் உண்டு. அந்தப் பெயருக்குப் பொருள் கேட்டால் அவ்வூர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் சொல்வார்கள்? பள்ளிப் பாடநூல் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் நட்டமில்லை.

ஆங்கிலேயர் 1820களில் கொழும்பு–கண்டிப் பாதையை அமைத்ததும் கோப்பி மூட்டைகள் மாட்டுவண்டி ஏறின. 1867 இல் புகைவண்டி கண்டிக்கு வந்தது. தவலத்தின் காலம் மெல்ல முடிந்தது.

மிச்சம் இருப்பவற்றில் எனக்கு மிகப் பிடித்தது அம்பலம். சிதம்பரத்தில் நாம் வணங்கும் அதே சொல், இங்கே வழிப்போக்கர் மண்டபத்தின் பெயர். குருநாகல் மாவட்டத்துக் கரகஹகெதரவில் கற்களின் மேல் ஏற்றிய மரச்சட்டத்துடன் ஒன்று நிற்கிறது. பனாவிட்டியவில் செதுக்கிய தூண்களோடு மற்றொன்று. கதவில்லை, சுவரில்லை. சுற்றிலும் உள்ள மரச்சட்டத்தில் உட்கார்ந்தால், பொதியிறக்கிய எருதுகளை எந்தப் பக்கத்திலிருந்தும் பார்த்துக்கொண்டே இளைப்பாறலாம்.