காளையார்கோயில் காடு

ஜெகதாப்பட்டினத்துக் கடற்கரைக்கு மேற்கே, இன்று கண்மாய்களும் கருவேல மரங்களும் தென்படும் நிலத்தில், 1801ஆம் ஆண்டு அடர்ந்த முட்காடு பரந்திருந்தது. அதன் நடுவே மருது சகோதரர்களின் அரணாக விளங்கியது காளையார்கோயில். 1799இல் திப்பு சுல்தானை வீழ்த்திய கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அதனைக் கைப்பற்றுவது எளிதெனத் தோன்றியது. புதுக்கோட்டைத் தொண்டைமானும் கம்பெனியின் பக்கமே நின்றார். ஜூலை இறுதியில் சிறுவயலை அடைந்த கர்னல் அக்னியூ, காட்டை வெட்டிக் கோயில்வரை பாதை அமைக்க முனைந்தார்.

பீரங்கி முழங்குவதற்கு எதிரி கண்ணில் பட வேண்டுமே! மருதுவின் வீரர்கள் புதர்களில் மறைந்திருந்து சுட்டனர். மரம் வெட்டுவோரைத் தாக்கினர். பாதையின் குறுக்கே தடுப்புகளை எழுப்பினர். ஏறத்தாழ ஒரு மாதம் கோடரிகள் உழைத்தும் கோயில் எட்டவில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் கம்பெனிப் படை அம்முயற்சியைக் கைவிட்டுப் பின்வாங்கியது. அப்படையிலிருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் அதிகாரி, தமக்கு வேலெறியவும் வளரி வீசவும் முன்னர்க் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுவே என்று பிற்காலத்தில் எழுதியுள்ளார்.

கோடரி தோற்ற இடத்தில் சூழ்ச்சி வென்றது. படமாத்தூர் கௌரி வல்லப உடையத்தேவரைச் சிவகங்கைக்கு உரியவராக அறிவித்து, கம்பெனி மக்களைப் பிரித்தது. அக்டோபர் முதல் நாள், பல திசைகளிலிருந்தும் புகுந்த படைகளிடம் காளையார்கோயில் வீழ்ந்தது. அம்மாதம் 24ஆம் நாள் மருது சகோதரர் இருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர்.